ஊர் சுற்றப் போன விடுதி

சாத்தங்குறிச்சி மகளிர் கல்லூரியின் முல்லை விடுதி முதன்முதலாக ஊர் சுற்றக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பிள்ளைகள் எல்லாம் வகுப்பில் இருந்த நேரம், வார்டன் பிரேமலீலா பிரின்சிபால் அறையில் உட்கார்ந்து மொட்டைமாடியில் துணி காயப்போடுவது பற்றிய புதுச் சட்டத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த நேரம். அந்த மூன்று தளக் கட்டடம், வாய்க்காலைத் தாண்டுகிற பெண்கள் சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்வார்களே அதுபோலத் தன் அஸ்திவாரத்தை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேப்பமரங்களுக்கு நடுவே நடந்து வந்து கேட் பக்கத்தில் நின்றது. வாட்ச்மேன் பரமார்த்தலிங்கம் எழுந்து கேட்டைத் திறந்துவிட்டார். கூட்டமான பஸ்ஸிலிருந்து இறங்குகிற பருத்த மனுஷியைப் போல அது ஒருக்களித்து, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு சன்ஷேடைக்கூட இடித்துக்கொள்ளாமல் வெளியே வந்து, கிழக்கே போகிற ரோட்டைப் பிடித்தது.

பிரேமலீலா அந்த விடுதிக்கு வந்தது கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வயதில். தற்காலிகம் என்றுதான் வந்தாள். மாப்பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், வேலை மட்டும் நிரந்தரமாகிவிட்டது. அவள் வந்த புதிதில் தீபாவளி ஜவுளி எடுக்கப் போன ஒரு பெண் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுத் தோழி வீட்டில் தங்கிவிட, அவளுடைய அப்பன் ஆட்களோடு வந்து நடு முற்றத்தில் நின்று பிரேமலீலாவைக் கேட்ட கேள்விகளும், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அவள் விடியும்வரை உட்கார்ந்திருந்ததும், மறுநாள் காலை அந்தப் பெண் புதுத் துணிப் பையோடு சிரித்துக்கொண்டே வந்து இறங்கியதும் அவளால் மறக்க முடியாமல் போயின. அதிலிருந்து அவள் சட்டம் எழுத ஆரம்பித்தாள். ஹீட்டர் வைக்கக் கூடாது, அயர்ன்பாக்ஸ் வைக்கக் கூடாது, கட்டிலை நகர்த்தக் கூடாது, ஒருத்தி கட்டிலில் இன்னொருத்தி படுக்கக் கூடாது, ஜன்னல் வழியாகக் கூப்பிடக் கூடாது, குளியலறையில் பாடக் கூடாது, பாடினாலும் பக்திப் பாட்டாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மாலை ஆறு மணிக்குமேல் எவளும் விடுதிக்கு வெளியே இருக்கக் கூடாது. இந்தச் சட்டங்களைப் பிள்ளைகள் மீறினார்களோ இல்லையோ, பிரேமலீலா ஒருநாளும் மீறியதில்லை. ஆறு மணிக்குமேல் சாத்தங்குறிச்சி பஜார் எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது விடுதி இருந்த இடத்தில் கரிசல் மண் தெரிந்தது. அறுந்த தண்ணீர்க் குழாய்கள் மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் நைட்டிகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்க, பிள்ளைகள் அவற்றின் அடியில் பைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாட்ச்மேன், எங்க கட்டடம்?"

"வெளிய போயிருக்கு மேடம்."

"நீங்க எப்படி விட்டீங்க?"

"பிள்ளைங்களத்தான் வெளிய விடக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. கட்டடத்தப் பத்தி ஒண்ணும் எழுதலையே" என்றார் பரமார்த்தலிங்கம்.

எழுதாதது தன் குற்றம்தான் என்று பிரேமலீலாவுக்குப் பட்டது. ஆனால் ஆறு மணிக்கு இன்னும் சிறிது நேரமே இருந்ததால் வருத்தப்பட நேரமில்லை. மண்ணில் சுவர் பதிந்திருந்த தடத்தை அவள் சாக்பீஸ் பொடியால் வரைந்தாள், அறை அறையாகப் பிரித்தாள், அவரவர் அறையில் அவரவரைப் போய் நிற்கச் சொன்னாள்.

"மேடம், நாங்க ஃபர்ஸ்ட் ஃப்ளோர்" என்றார்கள் சில பிள்ளைகள்.

"கிரவுண்ட் ஃப்ளோர் பிள்ளைகளுக்குப் பின்னால நில்லுங்க."

இரண்டாம் மாடிப் பிள்ளைகள் சொல்லாமலே அவர்களுக்குப் பின்னால் போய் நின்றார்கள். ஆறு மணிக்கு வருகைப் பதிவு நடந்தது. எல்லாரும் இருந்தார்கள். கனிச்செல்வி என்ற மூன்றாம் வருஷ இயற்பியல் பெண், கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள், கையைத் தூக்கினாள்.

"மேடம், இப்ப நாங்க விடுதிக்கு உள்ள இருக்கமா, வெளிய இருக்கமா?"

"கோட்டுக்கு உள்ள இருக்கீங்க. அது போதும்" என்றாள் பிரேமலீலா.

தெருவிளக்கு எரிய ஆரம்பித்தபிறகு விடுதி திரும்பி வந்தது. படிகள் நனைந்திருந்தன. வராந்தா முழுக்கக் கடற்கரை மணல். கேட்டில் ஒருக்களித்து நுழைந்து, சாக்பீஸ் கோட்டின்மேல் சரியாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வயசாளியைப் போல ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தது. உள்ளேயிருந்து சமையல்காரி பேச்சித்தாய் ஒரு பை நிறைய நெத்திலியோடு இறங்கி வந்தாள். மத்தியானம் ஸ்டோர் ரூமில் கண்ணயர்ந்தவள், கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே வேம்பார்க் கடல் இருந்ததாம்.

"எங்க போயிருந்த?" என்று பிரேமலீலா அதட்டினாள்.

"நான் எங்க போனேன் மேடம்? நான் விடுதியிலதான் இருந்தேன்."

பிரேமலீலா அவளை விட்டுவிட்டுக் கட்டடத்தின் பக்கம் திரும்பினாள். இடுப்பில் கையை வைத்து, தாமதமாக வருகிற எல்லாரையும் கேட்பதுபோலவே, "மணி என்ன?" என்று கேட்டாள். மேல்தண்ணித் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

மறுநாளும் அது போனது. அதற்கு மறுநாளும் போனது. தாமதமாக வருகிறவர்கள் பெற்றோரை அழைத்துவர வேண்டும் என்பது சட்டம். ஆகவே பிரேமலீலா, விடுதியைக் கட்டிய காண்ட்ராக்டர் வெயிலுகந்தானுக்கு ஆள் அனுப்பினாள். மகன் வீட்டில் ஓய்வாக இருந்த அவர் சலவை வேட்டி உடுத்தி, தோளில் துண்டு போட்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். பிள்ளையைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போக மனசு வரவில்லை என்றார்.

"உங்க கட்டடம் தினமும் லேட்டா வருது" என்றாள் பிரேமலீலா.

வெயிலுகந்தான் தூணைத் தடவிப் பார்த்தார். "சின்னதுல தங்கமான பிள்ளைம்மா இது. தண்ணி ஊத்தி, சாக்கு சுத்தி, வெயில் படாம வளத்தேன். பக்கத்துல கட்டுன லேப் எல்லாம் முதல் மழையிலயே ஒழுகிச்சு. இது ஒரு சொட்டு ஒழுகல. ஒரே இடத்துல இத்தன வருஷம் உட்கார வச்சா யாருக்குத்தான் கால் மரத்துப்போகாது?"

"கண்டிச்சு வையுங்க."

அவர் சுவரோடு முகத்தை ஒட்டி ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு வாழைப்பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என்ன சொன்னாரோ தெரியவில்லை, அன்றைக்கு விடுதி வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பியது.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. கட்டடம் நடந்து போவதைப் பார்த்து டீக்கடைக்காரர்கள் அடுப்பைப் பற்றவைத்தார்கள், விளாத்திகுளம் பஸ் டிரைவர்கள் அது ஓரங்கட்டும்வரை பொறுமையாக ஹாரன் அடித்தார்கள், பருத்திக்காட்டுக்காரர்கள் முதலில் சண்டைக்கு வந்து, அது வரப்பு பார்த்து மிதிக்கிறது என்று தெரிந்ததும் அதன் நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கப் பழகிக்கொண்டார்கள். டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் அதை நிறுத்தி ஆர்.சி. புத்தகம் கேட்டார், கேட்டுவிட்டு, யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு சல்யூட் அடித்து அனுப்பிவிட்டார். தபால்காரர் முல்லை விடுதிக் கடிதங்களை மத்தியானத்துக்குமேல் வேம்பாரிலேயே பட்டுவாடா செய்தார். விடுதியிலும் ஒரு புது நோய் பரவியது. வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டுக்குமேல் தலை வலித்தது, வயிறு வலித்தது, தலையும் வயிறும் சேர்ந்து வலித்தது. வலித்தவர்கள் அறையில் போய்ப் படுக்க அனுமதி கேட்டார்கள். பிரேமலீலா வகுப்பு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலைவலித் தைலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருத்தியையும் விடவில்லை.

பேச்சு கிளம்பியது வேறு பக்கத்திலிருந்து.

"ஆம்பளைப் பிள்ளைங்க ஹாஸ்டல் இப்படிச் சுத்துனாக்கூடப் பரவாயில்ல, வயசு அப்படின்னு விட்ரலாம்" என்றார் கல்லூரிச் செயலர் சீனிவாசகம். "பொம்பளைப் பிள்ளைங்க ஹாஸ்டல் பொழுது சாஞ்சும் ரோட்டுல நின்னா ஊர் என்ன பேசும்?"

ஊர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஊர் என்ன பேசும் என்று எல்லாரும் பேசினார்கள். கனிச்செல்வியின் அப்பா மாடக்கண்ணு, ஆட்டு வியாபாரி, சந்தையில் யாரோ "உம்ம மக ஹாஸ்டல நேத்து வேம்பார்ல பாத்தேன்வே" என்று சொன்னதைக் கேட்டு, விற்காத ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். வெட்கம் கெட்ட கட்டடத்தில் மகளை வைத்திருக்க முடியாது, பெட்டியைக் கட்டு, மாமன் மகன் காத்திருக்கிறான் என்றார். கனிச்செல்வி கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவள் கேள்வி கேட்காமல் நின்றதைப் பார்த்த பிரேமலீலா இருவருக்கும் நடுவே போய் நின்றாள். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. "ஞாயித்துக்கிழமை பெற்றோர் கூட்டம் போடுவோம், அதுவரைக்கும் பொறுங்கண்ணே" என்று கெஞ்சி அவரை அனுப்பி வைத்தாள்.

செயலர் அதற்குள் லாரிச் சங்கிலி வரவழைத்துவிட்டார். வாட்ச்மேனும் நாலைந்து கூலி ஆட்களும் சேர்ந்து விடுதியின் நான்கு மூலைத் தூண்களையும் வேப்பமரங்களோடு கட்டினார்கள். பூட்டுகளின் சாவிக்கொத்து பிரேமலீலாவிடம் கொடுக்கப்பட்டது. அவள் அதை இடுப்பில் சொருகிக்கொண்டாள். அன்று மத்தியானம் கட்டடம் எழுந்து, சங்கிலி இறுக, மரங்கள் வளைய, மறுபடி உட்கார்ந்துவிட்டது.

அதன்பிறகு விடுதி யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத மருமகளைப் போல ஆகிவிட்டது. கதவுகள் திறக்க மறுத்தன, திறந்தவை மூட மறுத்தன. குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு விம்மல் வந்தது. பேச்சித்தாய் எவ்வளவு எரித்தாலும் அரிசி வேகவில்லை. பெயின்ட் உரிந்து சுவர்களுக்குச் சிரங்கு வந்ததுபோல் ஆயிற்று. ஒருநாளும் ஒழுகாத கூரை, மேகமே இல்லாத வானத்தின் கீழ், பிரேமலீலாவின் கட்டிலுக்கு நேர்மேலே ஒழுகியது. அவள் ஒரு வாளியை வைத்தாள். நிறைந்ததும் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

அவள் வெகுநேரம் அந்த வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளுக்கு மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிற அனுமதி உண்டு. பேச்சித்தாய்க்குத் திருவிழா லீவு உண்டு. வாட்ச்மேனுக்கு வாரத்தில் ஒருநாள் உண்டு. இந்தக் கட்டடத்துக்கு என்ன உண்டு என்று யோசித்தாள். அப்புறம் தனக்கு என்ன உண்டு என்றும் யோசித்தாள். ரெண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் நிறைந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் மாடிப்படிகளில் நெருக்கியடித்து நின்றார்கள். செயலர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். கட்டடத்தை இடித்துவிட்டு, கிளம்பவே முடியாதபடி பாறைமேல் புதிதாகக் கட்டுவது என்றும், கட்டி முடியும்வரை பிள்ளைகள் அவரவர் வீட்டில் இருப்பது என்றும் தீர்மானம் வாசித்தார். கட்டி முடிப்பதற்குள் கனிச்செல்விக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். கனிச்செல்வியின் பெட்டி மாடக்கண்ணுவின் காலடியில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

"வார்டன் ஏதாவது சொல்லணுமா?" என்று செயலர் மரியாதைக்குக் கேட்டார்.

"ஒரு நிமிஷம் சார், கதவச் சாத்திட்டு வரேன்" என்றாள் பிரேமலீலா.

அவள் வெளியே போனாள். நல்ல வெயில். வேப்பமரத்தடியில் பரமார்த்தலிங்கம் எழுந்து நின்றார். அவள் சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு மூலையாகப் போய்ப் பூட்டைத் திறந்தாள். ஒரு பூட்டுக்குச் சாவி நுழையவே இல்லை, வாட்ச்மேன் உதவிக்கு வந்தபோது "வேண்டாம், நானே" என்றாள். கடைசிச் சங்கிலி விழுந்ததும் தூணில் உள்ளங்கையை வைத்து, "எல்லாரும் உள்ள இருக்காங்க, பதமாப் போ" என்றாள். பிறகு படியேறி உள்ளே வந்து கதவைத் தாளிட்டாள்.

செயலர் மூன்றாவது தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது டம்ளர்களில் காப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரும் அலறவில்லை. பஸ் கிளம்பும்போது கம்பியைப் பிடித்துக்கொள்வதுபோல எல்லாரும் மேஜையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரங்கள் பின்னால் போயின, கேட் போனது, பஸ் ஸ்டாண்ட் போனது, பருத்திக்காடு வந்தது, பிறகு பனங்காடு வந்தது. மாடிப்படியில் நின்ற பிள்ளைகள் கத்திய கத்தலில் செயலரின் மைக் எடுபடவில்லை. ஆனாலும் அவர் விடாமல் வாசித்தார். ஒரு அம்மா, தன் தங்கச்சி வீடு இந்த வழியில்தான் இருக்கிறது, கொஞ்சம் நிறுத்த முடியுமா என்று பிரேமலீலாவைக் கேட்டாள்.

வேம்பாரில் கட்டடம் மணலைத் தாண்டி, முதல் படி நனைகிற அளவுக்குத் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தது. பிரேமலீலா கதவைத் திறந்தாள். காற்று உள்ளே வந்து தீர்மானத் தாள்களைக் கிளப்பிக்கொண்டு போனது. பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் எழுந்தது மாடக்கண்ணுதான். அவர் படிக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால்வரை இறங்கி நின்றார். அலை வந்து போனது. மறுபடி வந்தது.

"ஏ கனி" என்று திரும்பாமலே கூப்பிட்டார்.

"என்னப்பா?"

"இது தினமும் இங்கதான் வருதா?"

"ஆமா."

"இங்க வந்து என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாதாம். சும்மா உட்கார்ந்துட்டு வருமாம். பேச்சித்தாய் அக்கா சொன்னாங்க."

ஆட்டுக்கும் வட்டிக்காரனுக்கும் மழைக்கும் பின்னாலேயே ஓடின மனுஷன் மாடக்கண்ணு. சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிற ஒன்றைப் பற்றி என்ன நினைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு மேல்படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டார். "இதப் போய் வெட்கம் கெட்டதுன்னு சொல்லிட்டேனே" என்றார்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். படிகள் நிறைந்து வராந்தா நிறைந்தது. பேச்சித்தாய் அடுப்பைப் பற்றவைத்தாள், அரிசி வெந்தது. செயலர் சீனிவாசகம் மட்டும் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். காலி நாற்காலிகளை வைத்துக்கொண்டு எந்தத் தீர்மானத்தையும் நிறைவேற்ற முடியாது என்று அவருக்கே புரிந்தபோது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவரும் வெளியே வந்தார். "இடிக்கிற செலவும் அதிகம்தான்" என்று பொதுவாகச் சொன்னார். அங்கேயே, படியில் உட்கார்ந்தபடியே, புதுச் சட்டம் போடப்பட்டது. விடுதி வெளியே போகலாம். போகும்போது பிள்ளைகளையும் அழைத்துப் போக வேண்டும். ஒருத்தியையும் விட்டுவிட்டு வரக் கூடாது. பரீட்சை நாட்களில் மட்டும் அது கல்லூரி வாசலிலேயே இருக்க வேண்டும். கட்டடத்துக்கு இதெல்லாம் சம்மதமா என்று கனிச்செல்வி கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் உரிந்த பெயின்டின் அடியில் சுவர் மாம்பழ நிறத்துக்கு மாறியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

மாடக்கண்ணு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் மகளின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். "மாமன் மகன்ட்ட நான் பேசிக்கிறேன். நீ பரீட்சைய எழுது" என்றார். கனிச்செல்வி உடனே அவரிடம் நாலு கேள்வி கேட்டாள்.

பொழுது இறங்கும்போது கட்டடம் எழுந்து திரும்ப நடந்தது. பெற்றோர்களை அவரவர் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. தங்கச்சி வீட்டு வாசலிலும் ஒருமுறை நின்றது. பிரேமலீலா மொட்டைமாடியில் நின்றாள். காற்றில் அவளுடைய கொண்டை அவிழ்ந்திருந்தது. அதை முடிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்து, நினைத்ததோடு விட்டுவிட்டாள்.

சாத்தங்குறிச்சிக்குப் பிரிகிற முக்கில் கட்டடம் நின்றது. வலது பக்கம் ஊர். இடது பக்கம் மண்ரோடு ஒன்று, முள்ளடர்ந்த உடைமரங்களுக்கு நடுவே, அந்தக் கடைசி வெளிச்சத்தில் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது. கீழே பிள்ளைகளின் சத்தம் அடங்கியது. எல்லாரும் ஜன்னல் வழியாக மேலே அவளைப் பார்த்தார்கள்.

"பேச்சித்தாய், அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கீழே சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

"தெரியாது மேடம். நான் போனதில்லையே."

"சாப்பாடு?"

"ஆக்கியாச்சு. சூடா இருக்கு."

பிரேமலீலா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அந்த மண்ரோட்டைப் பார்த்தாள். அது எங்கேயோ திரும்பி மறைந்தது. திரும்புகிற இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது, அல்லது எரிவதுபோல் இருந்தது. கட்டடம் ஒரு காலைத் தூக்கியபடியே அவளுக்காகக் காத்திருந்தது.

"இடது" என்றாள் பிரேமலீலா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மெதுவாப் போ. எல்லாரும் பாக்கணும்."